கோடை வாசிப்புச் சவால்: கணக்குப் போடுவதிலிருந்து மதிப்புரை எழுதுவது வரை

கோடையில் வாசிப்புச் சவாலைத் தொடங்கும் பலரும் முதலில் முடிவு செய்வது ஓர் எண்ணை. பத்துப் புத்தகம், பதினைந்து புத்தகம் என்று வாய்க்கு வந்ததைச் சொல்லிவிடுகிறார்கள். அந்த எண்ணுக்குப் பின்னால் எந்தக் கணக்கும் இருப்பதில்லை. மூன்றாவது வாரத்தில் இரண்டு புத்தகம் பின்தங்கியதும் மதிப்புரை எழுதுவதைத் தள்ளிப்போடுகிறார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் வாசிப்பும் நின்றுபோகிறது.

ஆகவே இங்கே எண் மூன்றாவது படியில்தான் வரும். அதற்கு முன் நேரத்தையும் வேகத்தையும் அளந்தாக வேண்டும். மதிப்புரைக்கான நேரமும் சவாலின் கணக்குக்குள்ளேயே இருக்க வேண்டும். வரிசையை மாற்றாமல் செய்யுங்கள். ஒவ்வொரு படியும் அதற்கு முந்தைய படியின் விடையைக் கேட்கும்.

தேவையானவை குறைவு: ஒரு நோட்டு, ஒரு பென்சில், தேதிக்குப் பக்கத்தில் எழுத இடமுள்ள ஒரு நாட்காட்டி, ஏற்கெனவே கையில் இருக்கும் ஏதாவது ஒரு புத்தகம். சவால் தொடங்கும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே இவற்றை எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முதல் இரண்டு படிகளுக்கு அந்த வாரம் தேவைப்படும்.

1. உண்மையான நேரத்தைக் கண்டுபிடியுங்கள்

"தினமும் இரண்டு மணி நேரம் படிப்பேன்" என்று எழுதி வைப்பது சுலபம். அதற்குப் பதிலாக மூன்று சாதாரண நாட்களில் எப்போதெல்லாம் உட்கார்ந்து படிக்க முடிந்திருக்கும் என்று குறித்துப் பாருங்கள். காலையில் வீடு எழும் முன், பயணத்தில், இரவு படுக்கும் முன் என்று துண்டு துண்டாகத்தான் நேரம் கிடைக்கும். பதினைந்து நிமிடத்துக்குக் குறைவான துண்டுகளைக் கணக்கில் சேர்க்காதீர்கள். புத்தகத்துக்குள் நுழையவே சில நிமிடங்கள் போய்விடும்.

மூன்று நாட்களிலும் கிடைத்ததைக் கூட்டி, மூன்றால் வகுத்து, வாரத்துக்கு ஆறு நாள் என்று பெருக்குங்கள். ஏழாவது நாளை வேண்டுமென்றே விட்டுவிடுங்கள். விருந்தாளிகள் வருவதும் உடம்பு முடியாமல் போவதும் எந்தக் கோடையிலும் உண்டு. அந்த நாட்களை ஈடுகட்ட இடம் இல்லாத திட்டம் முதல் தடங்கலிலேயே முறிந்துவிடும்.

2. உங்கள் வேகத்தை அளந்து பாருங்கள்

ஒரு புத்தகத்தை எடுத்து, இருபது நிமிடம் வழக்கம்போலப் படித்து, எத்தனை பக்கம் நகர்ந்தது என்று எண்ணுங்கள். மூன்றால் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கான அளவு. நாவல் ஒன்றிலும் கட்டுரை நூல் ஒன்றிலும் தனித்தனியாக அளப்பது அவசியம். உரையாடல் நிறைந்த நாவலில் முப்பது பக்கம் போகிற ஒருவர், வாதங்களைத் தொடர வேண்டிய நூலில் பதினைந்தில் நிற்பது சகஜம். இரண்டு மொழிகளில் படிப்பவர் இரண்டிலும் அளக்க வேண்டும்.

இணையத்தில் கிடைக்கும் "நிமிடத்துக்கு இத்தனை சொல்" என்ற சராசரிகளை இங்கே கொண்டுவராதீர்கள். அவற்றில் பெரும்பாலானவை ஆங்கில வாசிப்பை வைத்து எடுக்கப்பட்டவை. வேற்றுமை உருபும் துணைவினையும் ஒட்டிக்கொண்டு நீளும் தமிழ்ச் சொல்லை அந்தக் கணக்கில் பொருத்த முடியாது.

பக்கம் என்பதும் நிலையான அளவல்ல. டெமி என்ற சற்றுப் பெரிய நூல் அளவில் நெருக்கமாக அச்சான இருநூறு பக்கமும், கிரவுன் என்ற சிறிய அளவில் பெரிய எழுத்தில் அச்சான இருநூறு பக்கமும் ஒன்றல்ல. பட்டியலில் இருக்கும் புத்தகத்தைப் புரட்டி, ஒரு பக்கத்தில் எத்தனை வரி, ஒரு வரியில் ஏறக்குறைய எத்தனை சொல் என்று பார்த்துக்கொள்ளுங்கள். நீங்கள் அளந்த புத்தகத்தைவிட அடர்த்தி கூடுதல் என்றால் நேரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டியதுதான். மின்னூலில் எழுத்தின் அளவை மாற்றினால் பக்க எண்ணிக்கையே மாறிவிடும் என்பதால் அங்கே சதவீதத்தை வைத்து அளப்பது நல்லது. ஒலிநூலில் இந்தச் சிக்கல் இல்லை. மொத்த நேரத்தை வெளியிட்டவர்களே போட்டிருப்பார்கள்.

3. மதிப்புரைக்கான நேரத்தைச் சேர்த்தபின் எண்ணிக்கையைப் பாருங்கள்

ஒரு கணக்கு போட்டுக் காட்டுகிறேன். தினம் 45 நிமிடம், வாரம் 6 நாள், மொத்தம் 8 வாரம் என்றால் 2,160 நிமிடம், அதாவது 36 மணி நேரம். மணிக்கு 30 பக்கம் படிப்பவருக்கு 200 பக்க நாவல் ஒன்றுக்கு 6 மணி 40 நிமிடம் ஆகும். வாசிப்பை மட்டும் பார்த்தால் 36 மணி நேரத்தில் ஐந்து புத்தகம் முடியும்.

இப்போது மதிப்புரையைச் சேர்ப்போம். நினைவிலிருந்து எழுதும் குறிப்பு, முதல் வரைவு, திருத்தம் என்று ஒரு புத்தகத்துக்கு ஒன்றரை மணி நேரம் குறைந்தபட்சம் வேண்டும். அப்படியானால் ஒரு புத்தகத்துக்கு மொத்தம் 8 மணி 10 நிமிடம். நான்கு புத்தகத்துக்கு 32 மணி 40 நிமிடம் போக, 3 மணி 20 நிமிடம் மிஞ்சும். எனவே இவருடைய எண் நான்கு.

ஐந்தா நான்கா என்கிற அந்த ஒரு புத்தகம்தான் மதிப்புரைக்கு நீங்கள் கொடுக்கும் விலை. அதை முதல் நாளே மனதார ஒப்புக்கொள்ளுங்கள். ஒப்புக்கொள்ளாதவர்கள் ஐந்தையும் படித்துவிட்டு ஒன்றைப் பற்றியும் எழுதாமல் கோடையை முடிப்பார்கள். நான்கு படித்து நான்கையும் பற்றி எழுதுவது அதைவிட எவ்வளவோ மேல் என்று நான் உறுதியாக நம்புகிறேன்.

மிஞ்சிய நேரத்தில் இன்னொரு மெல்லிய புத்தகத்தைச் செருக ஆசை வரும். வேண்டாம், அது நழுவிப்போகும் நாட்களுக்கான கையிருப்பு.

4. விதிகளை எழுத்தில் வையுங்கள்

எது கணக்கில் சேரும் என்பதைச் சவால் தொடங்கும் முன்பே நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிவிடுங்கள். ஏற்கெனவே பாதி படித்தது சேருமா? மறுவாசிப்பு சேருமா? ஒலிநூல், சிறுவர் நூல், படக்கதை? எந்த விடையும் தவறில்லை. ஆனால் ஆறாவது வாரத்தில் பின்தங்கி நிற்கும்போது யோசித்தால், வசதியாக எது தோன்றுகிறதோ அதுவே விதியாகிவிடும்.

"மதிப்புரை எழுதி முடித்தால்தான் புத்தகம் முடிந்ததாகக் கணக்கு" என்ற விதியை மட்டும் எல்லோரும் சேர்த்துக்கொள்ளுங்கள். இந்த வழிகாட்டியில் வேறு எதைத் தளர்த்தினாலும் இதைத் தளர்த்தக் கூடாது.

கைவிடுவதற்கும் விதி தேவை. அமெரிக்க நூலகர் நான்ஸி பேர்ல் சொன்ன வழி வசதியானது: ஐம்பது பக்கம் படித்துப் பாருங்கள், பிடிக்காவிட்டால் விட்டுவிடுங்கள். ஐம்பது வயதைத் தாண்டியவர்கள் நூறிலிருந்து தம் வயதைக் கழித்து, வரும் எண்ணிக்கை அளவுக்குப் படித்தால் போதும். எழுபது வயதுக்காரருக்கு முப்பது பக்கம். இதனோடு ஒன்றைச் சேர்த்துக்கொள்ளச் சொல்வேன்: எந்தப் பக்கத்தில் விட்டீர்கள், ஏன் விட்டீர்கள் என்று மூன்று வரி எழுதுங்கள். அந்த மூன்று வரிகளைச் சேர்த்துப் படித்தால் அடுத்த பட்டியலில் எதைத் தவிர்ப்பது என்று தெரியும்.

5. பட்டியலைப் போடுங்கள், ஆனால் முழுதாக நிரப்பாதீர்கள்

எண் நான்கு என்றால் மூன்றை மட்டும் பெயர் சொல்லித் தேர்ந்தெடுங்கள். நான்காவது இடம் காலியாக இருக்கட்டும். ஒரு புத்தகத்தைப் படிக்கும்போது அதுவே இன்னொன்றைக் கைகாட்டும். அதைத் தொடர்ந்து போக வழியில்லாத பட்டியல் பாடத்திட்டமாக மாறிவிடும். இவற்றுக்கு வெளியே இரண்டு மாற்றுப் புத்தகங்களையும் குறித்து வைத்தால், கைவிட நேரும்போது தேடி அலைய வேண்டாம்.

அடுத்தது வரிசை. முதலில் மெல்லியதையும் கட்டாயம் பிடிக்கும் என்று தோன்றுவதையும் வையுங்கள். அதன் நோக்கம் வாசிப்பைவிட முதல் மதிப்புரையை எழுதிப் பழகுவதுதான். கனமான நூலை இரண்டாவதாக வையுங்கள். புதியவர்கள் அதைக் கடைசிக்குத் தள்ளுவார்கள். கடைசி வாரங்களில் ஊக்கம் குறைந்து, மற்ற வேலைகள் நெருக்கும்போது தடித்த நூல் மேசையிலேயே கிடக்கும். ஒரே வகையில் இரண்டை அடுத்தடுத்து வைக்காதீர்கள். ஒரே ஆசிரியரின் இரண்டு நாவல்களைத் தொடர்ந்து படித்தால் எந்தக் காட்சி எதில் வந்தது என்று மதிப்புரை எழுதும்போது குழம்பும்.

புத்தகம் கையில் இருக்கிறதா என்பதையும் இந்தப் படியிலேயே உறுதி செய்யுங்கள். நூலகப் புத்தகம் என்றால் எத்தனை நாள் வைத்திருக்கலாம், புதுப்பிக்க முடியுமா என்று கேட்டுக்கொள்ளுங்கள். மதிப்புரை எழுதும் நாள் வரை அது உங்களிடம் இருக்க வேண்டும். திருப்பிக் கொடுத்தபின் எழுத உட்கார்ந்தால் மேற்கோளைச் சரிபார்க்க வழியில்லை.

6. நாட்காட்டியில் இரண்டு வகை நாள்களைக் குறியுங்கள்

வாசித்து முடிக்கும் நாளைக் குறிப்பார்கள், எழுதும் நாளைக் குறிக்க மாட்டார்கள். நான் அடிக்கடி பார்க்கும் பிழை இது. ஒவ்வொரு புத்தகத்துக்கும் "முடிக்கும் நாள்" ஒன்று, அதிலிருந்து இரண்டு நாள் தள்ளி "எழுதும் நாள்" ஒன்று என்று குறியுங்கள். எழுதும் நாள் வரை அடுத்த புத்தகத்தைத் திறக்காதீர்கள். புதிய கதை உள்ளே வந்துவிட்டால் பழையதைப் பற்றி எழுதும் ஆவல் வடிந்துவிடும்.

தினசரி வாசிப்புக்கு "நேரம் கிடைக்கும்போது" என்று எழுதாமல், ஏற்கெனவே தவறாமல் நடக்கும் ஒன்றோடு கட்டிவிடுங்கள். "இரவு பாத்திரம் கழுவி முடித்ததும் நாற்காலியில் உட்கார்ந்து புத்தகத்தைத் திறப்பேன்" என்பது போல. உளவியலாளர் பீட்டர் கோல்விட்சர் இப்படி "இது நடந்தால் இதைச் செய்வேன்" என்று திட்டமிடுவதைப் பல ஆண்டுகள் ஆராய்ந்தவர். எப்போது, எங்கே, எப்படி என்பதை முன்கூட்டியே முடிவு செய்தவர்கள், வெறுமனே "செய்யப்போகிறேன்" என்று எண்ணியவர்களைவிட அதிகமாகச் செய்து முடித்தார்கள் என்பது அவர் ஆய்வுகளின் சாரம். தருணம் வரும்போது மறுபடியும் யோசித்து முடிவெடுக்கும் வேலை மிச்சமாகிறது, அதுதான் காரணம்.

7. படிக்கும்போதே மதிப்புரைக்குச் சேகரியுங்கள்

நல்ல மதிப்புரையில் பாதி இங்கேதான் உருவாகிறது. எனவே இந்தப் படியைச் சற்று நிதானமாகப் பாருங்கள்.

அழகான வரிகளுக்கெல்லாம் அடிக்கோடு இடுவதைக் குறிப்பெடுத்தல் என்று பலர் நினைக்கிறார்கள். முடிவில் அறுபது அடிக்கோடு இருக்கும், எழுத ஒன்றும் இருக்காது. எதற்காகக் கோடிட்டோம் என்பதே மறந்துபோயிருக்கும். கோடு போடும் ஒவ்வொரு முறையும் ஓரத்தில் ஒரு சொல்லாவது எழுதுங்கள்: "ஏன்?", "நம்பவில்லை", "முன்பே சொன்னது", "சிரித்தேன்". நூலகப் புத்தகம் என்றால் பக்க எண்ணோடு நோட்டில்.

இருபத்தைந்து பக்கத்துக்கு ஒரு குறிப்பு போதும். மூன்று வகைக் குறிப்புகளை மட்டும் தேடுங்கள்: உங்களுக்குள் எழும் கேள்வி, ஆசிரியர் திரும்பத் திரும்பச் செய்யும் ஏதாவது ஒன்று, உங்கள் எண்ணம் மாறிய இடம். மூன்றாவதுதான் மிக மதிப்புள்ளது, அதைத்தான் அதிகம் தவறவிடுகிறார்கள்.

ஓர் எடுத்துக்காட்டு. குடும்பப் பிரிவைப் பற்றிய ஒரு நாவலைப் படிக்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். நோட்டில் இப்படி இருக்கிறது:

ப. 41 – அண்ணன் வந்த கடிதத்தைப் பிரிக்காமல் அரிசிப் பானைக்கு அடியில் வைக்கிறான். ஏன்?

ப. 88 – மறுபடி பானை. அம்மா அரிசி அளக்கிறாள், கடிதத்தைத் தொடவில்லை. அவளுக்குத் தெரியுமா?

ப. 150 – அண்ணன் மேல் எரிச்சலாக வருகிறது. கோழை.

ப. 197 – கடிதம் வெளியே வருகிறது. அம்மாவுக்கு முதல் நாளே தெரியும். எரிச்சல் போய்விட்டது.

நான்கே குறிப்புகள். ஆனால் மதிப்புரையின் மையம் இங்கே தயாராக இருக்கிறது: இந்த நாவல் ரகசியத்தை நம்மிடமிருந்து மறைப்பதைவிட, யாருக்கு அது தெரியும் என்பதை மறைக்கிறது. "அருமையான குடும்பக் கதை" என்று எழுதுபவருக்கும் இப்படி எழுதுபவருக்கும் உள்ள வேறுபாடு இந்த நான்கு வரிக் குறிப்புகள்தான்.

8. முடித்த அன்றே புத்தகத்தை மூடிவைத்து எழுதுங்கள்

கடைசிப் பக்கத்தைப் படித்ததும், அன்றே, புத்தகத்தையும் நோட்டின் குறிப்புகளையும் பார்க்காமல் பத்து நிமிடம் எழுதுங்கள். நினைவில் நிற்கும் காட்சி, பெயர், உணர்ச்சி, எதுவானாலும் வந்த வரிசையில் எழுதலாம். வாக்கியம் அழகாக வர வேண்டியதில்லை.

இதற்கு இரண்டு காரணங்கள். ஜெர்மன் உளவியலாளர் ஹெர்மான் எபிங்ஹவுஸ் 1885-இல் வெளியிட்ட சோதனைகளிலிருந்தே தெரிந்த விஷயம், மறதி முதலில்தான் வேகமாக நடக்கிறது, போகப்போக மெதுவாகிறது. அர்த்தமற்ற அசைகளை மனப்பாடம் செய்து அவர் அளந்தது அது. கதை அவ்வளவு சீக்கிரம் மறக்காது என்றாலும், நுணுக்கங்கள் முதல் ஓரிரு நாட்களிலேயே உதிர்ந்துவிடும்.

இரண்டாவது, நினைவிலிருந்து எடுத்து எழுதுவதே நினைவை உறுதியாக்கும். உளவியலாளர்கள் ரோடிகர், கார்பிக்கி இருவரும் 2006-இல் வெளியிட்ட ஆய்வில் மாணவர்கள் உரைநடைப் பகுதிகளைப் படித்தார்கள். சிலர் அதையே மறுபடி படித்தார்கள், சிலர் பார்க்காமல் எழுதிப் பார்த்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது மறுபடி படித்தவர்கள் முன்னணியில் இருந்தார்கள். ஒரு வாரம் கழித்துச் சோதித்தபோது எழுதிப் பார்த்தவர்களே அதிகம் நினைவில் வைத்திருந்தார்கள்.

பார்க்காமல் எழுதியதில் எது வந்திருக்கிறது என்பதோடு, எது வரவில்லை என்பதையும் கவனியுங்கள். நூறு பக்கம் நீண்ட ஒரு பாத்திரம் அந்தப் பத்து நிமிடத்தில் ஒரு முறைகூட நினைவுக்கு வரவில்லை என்றால் மதிப்புரையில் அதைச் சொல்லலாம்.

9. மதிப்புரையை எழுதுங்கள்

இரண்டு நாள் கழித்து உட்காரும்போது, முதலில் ஒரே வாக்கியத்தில் உங்கள் தீர்ப்பை எழுதுங்கள். "இந்த நூல் இதைச் செய்ய முயல்கிறது, இந்த அளவுக்குச் செய்திருக்கிறது." அந்த வாக்கியம் மதிப்புரையில் அப்படியே வராமல்கூடப் போகலாம். ஆனால் அது இல்லாமல் தொடங்கினால் கதைச்சுருக்கத்துக்குள் போய் மாட்டிக்கொள்வீர்கள்.

கதைச்சுருக்கம் மொத்தத்தில் கால் பங்குக்கு மேல் போக வேண்டாம். நானூறு சொல் மதிப்புரையில் நூறு சொல் போதும். நூலின் முதல் மூன்றில் ஒரு பகுதிக்குள் நடப்பதைச் சொல்வதில் தவறில்லை. அதற்கப்பால் நடப்பதைச் சொல்லாமல் உங்கள் கருத்தை நிறுவ முடியாது என்றால், ஸ்பாய்லர், அதாவது கதையின் திருப்பத்தை உடைக்கும் தகவல், வருகிறது என்று முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஒவ்வொரு கருத்துக்கும் ஒரு சான்று தேவை. "நடை விறுவிறுப்பாக இருக்கிறது" என்று எழுதினால் எந்த இடத்தில், எதனால் என்று கேட்டுக்கொள்ளுங்கள். குறுகிய வாக்கியங்களா, அத்தியாயங்கள் பாதியில் வெட்டப்படுகின்றனவா, விவரணையே இல்லாமல் உரையாடல் ஓடுகிறதா? விடையை எழுதியதும் முதலில் எழுதிய பொது வாக்கியத்தை அடித்துவிடலாம், பெரும்பாலும் அது தேவைப்படாது. மேற்கோளாக இரண்டு மூன்று வரி எடுத்துப் போட்டால் ஆசிரியரின் நடையை வாசகரே ருசி பார்த்துக்கொள்வார்.

எடுத்துக்கொள்ளாத வேலையைச் செய்யவில்லை என்று ஆசிரியரைக் குறை சொல்லாதீர்கள். துப்பறியும் நாவலில் சமூக வரலாறு போதவில்லை என்பது நூலைப் பற்றிய குறை அல்ல. கொலைக்கான தடயம் வாசகரிடம் நியாயமாக வைக்கப்பட்டதா என்று கேளுங்கள், அது அந்த நூல் தானாக ஏற்றுக்கொண்ட பொறுப்பு. பிடிக்கவில்லை என்றால் தாராளமாகச் சொல்லுங்கள். எந்த வாசகருக்கு இது பிடிக்கக்கூடும் என்று ஒரு வரி சேர்த்தால் அந்தக் குறை இன்னும் பயனுள்ளதாகும்.

நட்சத்திர மதிப்பெண் போடுபவர்கள் கடைசியில் போடுங்கள். முதலிலேயே மூன்று நட்சத்திரம் என்று முடிவு செய்துவிட்டால், எழுதுவதெல்லாம் அந்த மூன்றை நியாயப்படுத்தவே போய்ச் சேரும்.

அனுப்பும் முன் சரிபார்க்க வேண்டியவை: பாத்திரங்களின் பெயர், ஆசிரியர் பெயரின் எழுத்து, மேற்கோளின் ஒவ்வொரு எழுத்தும், பக்க எண். மொழிபெயர்ப்பு நூல் என்றால் மொழிபெயர்ப்பாளரின் பெயரை மறக்காதீர்கள். நீங்கள் புகழ்ந்த அந்தத் தமிழ் வாக்கியத்தை எழுதியவர் அவர்தான்.

10. நான்காவது வார முடிவில் கணக்குப் பாருங்கள்

பாதிவழியில் ஒரு முறை மட்டும் நிறுத்திப் பாருங்கள். தினமும் கணக்குப் பார்த்தால் ஒரு நாள் தவறியதே பெரிய தோல்வியாகத் தெரியும்.

உண்மையில் ஒரு மணிக்கு எத்தனை பக்கம் போகிறது, மதிப்புரைக்கு எவ்வளவு நேரம் ஆகிறது என்ற புதிய எண்களைப் போட்டு மூன்றாம் படியை மறுபடி செய்யுங்கள். பின்தங்கியிருந்தால் கையிருப்பு நேரத்தை முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். அதுவும் போதாதென்றால் காலியாக விட்ட இடத்தை நீக்குங்கள். பக்கங்களைத் தாவிப் படிப்பதோ, மதிப்புரையை இரண்டு வரியாகச் சுருக்குவதோ வேண்டாம். எண்ணைக் குறைத்தால் சவால் சிறிதாகிறது, அவ்வளவுதான். மதிப்புரையைக் குறைத்தால் அது வேறு சவாலாகிவிடுகிறது.

முன்னேறியிருப்பவர்களும் இந்தக் கட்டத்தில் எண்ணைக் கூட்டாமல், மிஞ்சும் நேரத்தை முதல் மதிப்புரையைத் திருத்தி எழுதச் செலவிடலாம். மூன்று மதிப்புரை எழுதிய கை முதலில் எழுதியதில் எதை வெட்டும் என்பது அப்போது நன்றாகத் தெரியும்.

11. கடைசி வாரத்தில் புதிய புத்தகம் திறக்காதீர்கள்

எட்டாவது வாரம் எழுதுவதற்கு மட்டும். பாதியில் நிற்கும் வரைவுகளை முடியுங்கள். பிறகு எல்லா மதிப்புரைகளையும் ஒரே மூச்சில் படித்து, எல்லாவற்றிலும் திரும்ப வரும் சொற்களுக்கு வட்டம் போடுங்கள். "ஆழமான", "நெகிழ வைக்கிறது" போன்றவை மூன்று மதிப்புரையிலும் இருந்தால், இரண்டிலாவது அந்த இடத்தில் உண்மையில் என்ன நினைத்தீர்கள் என்று திரும்ப எழுதுங்கள்.

கைவிட்ட புத்தகங்களுக்கான மூன்று வரிக் குறிப்புகளையும், படிக்காமல் மிஞ்சிய மாற்றுப் புத்தகங்களின் பெயர்களையும், நான்காம் வாரத்தில் கிடைத்த உங்கள் உண்மையான வேகத்தையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் தேதியுடன் எழுதி வையுங்கள். அடுத்த சவாலுக்கு முதல் இரண்டு படிகளின் வேலை பெருமளவு அங்கேயே முடிந்திருக்கும்.